அப்ரைசல் படிவத்தில் நம்மைப் பற்றி நாமே எழுதுவது

பெங்களூரு வொயிட்ஃபீல்டில் வேலை, அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) படிவத்தில் ‘சாதனைகள்’ கட்டத்துக்கு வந்தாலே கை நின்றுவிடுகிறது, தற்பெருமை கூடாது என்று அப்பா வளர்த்தது தடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்பா சொன்னது தப்பில்லைங்க. ஆனால் நம் மரபிலேயே அதற்கு விலக்கும் உண்டு. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர், தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொன்ன கையோடு, புலவருக்கு அது தகும் இடங்களையும் சொல்கிறார்: அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி பழிக்கும்போது. உங்கள் படிவம்தான் அந்த ஓலை; அதைப் படிக்கும் மேனேஜர் இருப்பதோ புனேயில், உங்கள் வேலையை அருகிலிருந்து பார்க்காதவர். முதல் இரண்டும் உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

‘கடுமையாக உழைத்தேன்’ என்று எழுத வேண்டாம். அதுதான் பெருமை மாதிரி ஒலிக்கும், விஷயமும் இருக்காது. 4 மணி நேரம் ஓடிய பில்லிங் அறிக்கையை 40 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன் என்று இங்கே எங்களிடம் சொன்னீர்களே, எவ்வளவு தெளிவாக இருந்தது! அதையே எழுதுங்கள். உதவியவர் பெயரையும் போடுங்கள், உங்கள் பங்கு மட்டும் தனியாகத் தெரியட்டும்.

அப்புறம், இனி வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு வரி குறித்து வையுங்கள். அடுத்த வருடம் யோசித்துத் திணற வேண்டியிருக்காது. எழுதியதை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.