கழுத்து லைன், வீங்கிய கை, மாலைக் காய்ச்சல்

கேள்வி: அப்பாவுக்கு (62) கோத்தகிரியில் நள்ளிரவில் வலது கழுத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் மருந்துக் குழாய்) போட்டு, கோவைக்கு இறக்கினார்கள். ஐசியூவில் இன்று 9-ஆம் நாள். வலது கை வீங்கியிருக்கிறது. மாலையில் லைனில் ஊசி ஏறியதும் நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது. வெளியே நிற்கும் ஒருவர், "3 நாளைக்கு ஒருமுறை லைனை மாத்தணும், வெளிநாட்டு லைன் நான் வாங்கித் தர்றேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நாள் கணக்குப் பார்த்து லைனை மாற்றினால் தொற்று குறையாது. புதிதாகக் குத்தும் ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாய் புண்படும். புண்பட்ட இடத்தில்தான் ரத்தம் உறையும். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுக் கமிஷன் வாங்குவதும் இப்படிப்பட்ட புரோக்கர்கள்தான். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அங்கே யாரையும் தெரியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தக்கூடிய விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. உயிர் போகிற அவசரத்தில் லைன் போடும்போது தொப்பி, முகக்கவசம், ஸ்டெரைல் கவுன், கையுறை, உடம்பு முழுக்க மூடும் துணி, தோலில் தடவிய குளோர்ஹெக்ஸிடின் (கிருமிநாசினி) காயும்வரை பொறுப்பது எல்லாம் நடக்காமல் போயிருக்கலாம். அப்படிப் போட்டதை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தேவைப்பட்டால் முழுச் சுத்தத்தோடு புதிதாகப் போட வேண்டும். நள்ளிரவானாலும் முறையாகப் போட்டிருந்தால் இது பொருந்தாது. எப்படிப் போட்டார்கள் என்பது கோவை டாக்டருக்கு எப்படித் தெரியும்? ரெஃபரல் சீட்டில் இருக்க வேண்டும். எழுதுவதே இல்லை! தேதி, நேரம், அவசரமா இல்லையா என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? இன்றே கோத்தகிரிக்குப் போன் செய்து கேட்டு, ஐசியூ டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசி ஏறியதும் நடுக்கம் என்றால் முதல் சந்தேகம் லைன்மேல்தான். அடுத்த ஆன்டிபயாடிக்குக்கு முன்பாக லைனிலிருந்தும், கையில் குத்தியும், ஒரே நேரத்தில் ஒரே அளவு ரத்தம் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) போக வேண்டும். கை ரத்தத்தைவிட லைன் ரத்தத்தில் 2 மணி நேரமோ அதற்கும் மேலோ முந்திக் கிருமி வளர்ந்தால் காரணம் லைன்தான்.

கை வீக்கத்துக்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும். வெறும் ரத்தக்கட்டு என்றால் லைனை உடனே பிடுங்க வேண்டியதில்லை. அது வேலை செய்து, தேவையும் இருந்தால், வைத்துக்கொண்டே ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்கலாம். பொதுவாக 3 மாதம். அந்த ரத்தக்கட்டிலேயே கிருமியும் சேர்ந்துவிட்டால் லைனை எடுத்தே ஆக வேண்டும். ஆன்டிபயாடிக் 4 முதல் 6 வாரம் வரை போகும்.

ரவுண்ட்ஸில் தினமும் கேளுங்கள்: "இந்த லைன் இன்னும் எதற்கு டாக்டர்?" மருந்தைக் கையில் போட்ட வென்ஃப்ளானிலோ (சிறு ஊசிக்குழாய்) வாய்வழியாகவோ கொடுக்க முடிகிற அன்றே எடுத்துவிடலாம். எடுக்கும்போது அப்பா படுத்திருக்க வேண்டும். உட்காரவைத்து உருவினால் ரத்தக்குழாய்க்குள் காற்று போய்விடலாம்.