கல்வியின் நோக்கம் என்ன? மாணவரின் தனித்தன்மைக்கு வகுப்பறையில் இடம் இருக்கிறதா?

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. நோக்கம், தத்துவம் என்றெல்லாம் பேச வராது. வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன்.

செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பாடமெல்லாம் அட்டைகள். எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி அட்டவணை சுவரில் மாட்டியிருக்கும். ஒரு அட்டையை முடித்த பிள்ளை ஏணிப்படியைப் பார்த்து அடுத்ததைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவன் எந்தப் படியில் இருந்தால் இவனுக்கென்ன?

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் கடன் வாங்கிக் கழித்தலிலேயே ஒன்பது நாள் நின்றான். 52-இல் 27 போனால் 35 என்பான், தினமும். பழைய முறையாக இருந்தால் இரண்டாம் நாளே நான் பெருக்கலுக்குப் போயிருப்பேன். பாடத்தை முடிக்க வேண்டுமே! கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிடா 35?" என்று கேட்டேன். "ஏழுதானே பெருசு டீச்சர்? பெருசுல இருந்துதானே சின்னதை எடுக்க முடியும்?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் யோசிக்காமல் எழுதவில்லை, நான்தான் ஒன்பது நாளாகக் கேட்கவில்லை.

பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டு ஐந்தும் உதிரிக் குச்சி இரண்டும் கொடுத்து, 27 எடுத்துத் தரச் சொன்னேன். உதிரியில் ஏழு இல்லை. கொஞ்ச நேரம் முழித்தான். அப்புறம் ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினான். நான் வாயே திறக்கவில்லை.

தனித்தன்மை என்றதும் ஆண்டு விழாவில் ஆடுவதும் பாடுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதுவும் வேண்டியதுதான். எனக்கென்னவோ அந்தப் பையனின் 35-தான் அவனுடைய தனித்தன்மை. விடைத்தாளில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். எங்கே தடுக்குகிறது என்று பயப்படாமல் தானே பார்த்து, கேட்டு, சரிசெய்துகொள்ளத் தெரிந்தால் போதும். தொடக்கக் கல்வியின் நோக்கம் என்று எனக்குத் தெரிந்தது இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. "டீச்சர் பாடமே நடத்துறதில்லையாம்" என்று பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். நாற்பது பிள்ளைகளோடு ஒற்றை ஆளாக எல்லாருடைய 35-ஐயும் கேட்டுவிட முடியாது என்பதும் உண்மை.

2017-இல் பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியதே, அது நல்ல காரியம், பிள்ளையைப் பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிடுவது குறையும். தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கும் நிலையில் இருந்துதான் தொடங்குகிறோம்.

நேற்று மொட்டு நிலையில் இருக்கும் ஒரு பெண் 41-இல் 18 போனால் 37 என்று எழுதியிருந்தாள். எதுவும் சொல்லவில்லை, குச்சிக் கட்டை எடுத்துவரச் சொன்னேன்.