கமாண்டர் மட்டுமே ஆடிப் பழகியவர் இருவர் ஆட்டத்தை எப்படித் தொடங்கலாம்?

மேஜிக் த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டை நான்கு பேராக அமர்ந்து கமாண்டர் வடிவத்தில் மட்டுமே ஆடிவருவதாகவும், நேருக்கு நேர் இருவர் ஆடும் வடிவங்களில் எதில் தொடங்குவது, எப்படிப்பட்ட டெக் (ஆடுவதற்கான சீட்டுக்கட்டு) அமைப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் கமாண்டர் வழியாக வந்தவன்தான் என்பதால் என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுற்றியிருப்பவர்கள் வேறொன்றை ஆடாதவரை பாப்பர் என்ற வடிவத்தில் தொடங்குங்கள், நேரடியான ஒரு டெக்கை எடுத்துக்கொண்டு அதைச் சில மாதங்களுக்கு மாற்றாமல் ஆடுங்கள். ஆனால் வடிவத் தேர்வைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நால்வர் ஆட்டம் சீட்டுகளுக்குப் போட்டுத் தந்திருக்கும் மதிப்பு இருவர் ஆட்டத்தில் பெரும்பாலும் செல்லாது. அந்தக் கணக்கை மாற்றிப் போடுவதே உண்மையான தொடக்கம்.

உயிர்ப்புள்ளிகளிலிருந்தே பார்க்கலாம். கமாண்டரில் ஒவ்வொருவருக்கும் 40. மூன்று எதிராளிகளையும் சேதத்தால் வீழ்த்த வேண்டுமானால் 120 புள்ளிகளைக் கரைக்க வேண்டும். இருவர் ஆட்டத்தில் எதிரே இருப்பது 20 மட்டுமே. ஒரு சிவப்பு மானாவுக்கு (மானா என்பது சீட்டுகளைப் போடச் செலவிடும் ஆற்றல்) 3 சேதம் தரும் லைட்னிங் போல்ட் 120க்கு முன்னால் பொருட்படுத்தத் தக்கதாகத் தெரியாது. 20க்கு முன்னாலோ அப்படிப்பட்ட ஏழு சீட்டுகள் ஆட்டத்தையே முடித்துவிடும். போல்ட்டை நான்கு பிரதிகளுக்கு மேல் வைக்க முடியாது என்றாலும் அதே வேலையைச் சற்றுக் குறைவாகவோ கூடுதல் செலவிலோ செய்யும் சீட்டுகள் ஏராளம். பர்ன் என்றழைக்கப்படும் டெக் வகை முழுவதும் இந்தக் கணக்கின்மீதுதான் நிற்கிறது. முதல் நான்கைந்து முறைகளை (தம் ஆட்ட வாய்ப்புகளை) மானா தரும் லேண்ட் சீட்டுகளைச் சேர்ப்பதிலும் மானா பெருக்குவதிலும் கழித்துவிட்டு ஏழாம் முறையில் பெரிய கிரீச்சரை, அதாவது சண்டையிடும் உயிரினச் சீட்டை, இறக்கலாம் என்ற கமாண்டர் பழக்கம் இங்கே எடுபடாததற்குக் காரணமும் அதுவே: அந்த ஏழாம் முறை பல ஆட்டங்களில் வருவதே இல்லை.

அடுத்தது, ஒன்றுக்கு ஒன்று என்ற பரிமாற்றம். நால்வர் மேசையில் நீங்கள் ஒரு சீட்டைச் செலவழித்து ஒருவருடைய கிரீச்சரை அழித்தால் இருவருக்கும் ஆளுக்கொரு சீட்டு குறைகிறது. கைகட்டி அமர்ந்திருக்கும் மற்ற இருவரும் ஆதாயம் அடைகிறார்கள். அதனால்தான் அங்கே மேசையையே துடைத்தெறியும் பெரிய ஸ்பெல்களுக்கு அவ்வளவு மதிப்பு. இருவர் ஆட்டத்தில் இடையில் ஆதாயம் பார்ப்பவர் யாரும் இல்லை. எதிராளி நான்கு மானா கொடுத்து இறக்கிய கிரீச்சரை நீங்கள் ஒற்றை மானா போல்ட்டால் அழித்தால் சீட்டுக் கணக்கு சமம்; மானாக் கணக்கில் மூன்று உங்கள் பக்கம். அந்த மிச்சத்தில் உங்கள் கிரீச்சர் ஒன்றையும் அதே முறையில் இறக்கிவிட்டால், எதிராளி தன் முறை ஒன்றை முழுதாக இழந்ததற்குச் சமம். டெம்போ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இந்த நேர ஆதாயத்தைத்தான். மலிவான அழிப்புச் சீட்டுகளும் எதிராளி போடும் சீட்டைச் செல்லாமல் ஆக்கும் கவுண்டர்ஸ்பெல் போன்ற தடுப்புகளும் இருவர் ஆட்டத்தின் முதுகெலும்பாக இருப்பது இதனால்தான்.

டெக்கின் சீர்மையும் மாறுகிறது. கமாண்டரில் 100 சீட்டுகள், அடிப்படை லேண்டுகள் நீங்கலாக ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. டெக்கின் தலைவனான கமாண்டர் சீட்டைத் தனியே வைத்தபின் மிஞ்சும் 99இல் ஒரு குறிப்பிட்ட சீட்டு ஏழு சீட்டுத் தொடக்கக் கையில் வர ஏறக்குறைய 7 விழுக்காடுதான் வாய்ப்பு. 60 சீட்டு டெக்கில் நான்கு பிரதிகள் வைத்த சீட்டில் ஒன்றாவது அந்த ஏழில் வர ஏறக்குறைய 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே, நன்றாக இருக்கிறதே என்று பத்துப் பதினைந்து சீட்டுகளை ஒவ்வொரு பிரதியாகச் சேர்க்கும் கை இங்கே அடங்க வேண்டும். டெக்கின் திட்டம் ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி இருக்க வேண்டும். அந்த வாக்கியத்திற்கு உதவாத சீட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆல்பத்திலேயே இருக்கட்டும்.

வடிவங்களைப் பொறுத்தவரை அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ஸ்டாண்டர்ட் அண்மைய தொகுப்புகளை மட்டும் ஏற்கும். பழையவை காலமுறைப்படி வெளியேறுவதால் டெக்கைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். 2019இல் தொடங்கிய பயோனியர் 2012ஆம் ஆண்டின் ரிட்டர்ன் டு ரவ்னிகா முதலான தொகுப்புகளையும், 2011இல் தொடங்கிய மாடர்ன் 2003ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பு முதலானவற்றையும் ஏற்கின்றன. லெகசியும் விண்டேஜும் ஏறத்தாழ எல்லாக் காலத்துச் சீட்டுகளுக்கும் திறந்தவை. ஆனால் மறுபதிப்பே செய்யப்படாது என்று 1996இல் அறிவிக்கப்பட்ட பட்டியலில் அவற்றின் முக்கியச் சீட்டுகள் பல இருப்பதால், தொடக்கக்காரர் அந்தப் பக்கம் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. கமாண்டரில் ஏறக்குறைய எல்லா டெக்கிலும் இருக்கும் சோல் ரிங் லெகசியிலேயே தடைசெய்யப்பட்டது என்பதையும் கவனியுங்கள்: கமாண்டர் பெட்டியை அப்படியே பிரித்து 60 சீட்டு டெக் கட்டிவிடலாம் என்று எண்ணுபவர்கள் எந்த வடிவமானாலும் அதன் தடைப்பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பாப்பர் என்பது எளிதில் கிடைக்கும் காமன் என்ற அரிதளவில் ஒருமுறையாவது வெளியான சீட்டுகளை மட்டும் கொண்டு ஆடும் வடிவம். செலவு குறைவு என்பதே இதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம், இதில் தோற்றால் எதிராளியின் விலையுயர்ந்த சீட்டின்மீது பழிபோட முடியாது என்பது. மேலும், லைட்னிங் போல்ட், கவுண்டர்ஸ்பெல், பிரெயின்ஸ்டார்ம் ஆகிய மூன்றும் பாப்பரிலும் ஆடலாம், லெகசியிலும் ஆடலாம். இங்கே பழகும் கைத்திறன் பின்னால் எங்கே போனாலும் வீண்போகாது. பாக்கெட்டுகளைப் பிரித்துச் சேர்க்க முயலாமல் வேண்டிய சீட்டுகளைத் தனித்தனியாகவே வாங்குங்கள்.

சேகரிப்பே இல்லாமல் ஆட விரும்பினால் டிராஃப்ட் உண்டு: ஆளுக்கு மூன்று பாக்கெட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு சீட்டாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவருக்குக் கடத்தி, குறைந்தது 40 சீட்டு கொண்ட டெக் அமைக்க வேண்டும், அதில் 17 லேண்டு வைப்பது வழக்கம். கிரீச்சர் சண்டையின் நுணுக்கத்தைக் கற்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

இனி ஒரு சிக்கலை நெருங்கிப் பார்ப்போம். உங்களுடையது சிவப்பு டெக். நான்காம் முறை, சிவப்பு மானா தரும் லேண்டான மௌண்டன் நான்கு தயார். எதிராளி நீல டெக்காரர். அவர் நீல மானா தரும் இரண்டு ஐலண்டுகளை டேப் செய்யாமல், அதாவது இன்னும் மானாவுக்குப் பயன்படுத்தாமல், வைத்திருக்கிறார். உங்கள் கையில் நான்கு மானா கிரீச்சர் ஒன்றும் இரண்டு மானா கிரீச்சர்கள் இரண்டும் இருக்கின்றன. நால்வர் மேசையாக இருந்தால் அந்த இரண்டு ஐலண்டுகளைக் கண்டு நீங்கள் அவ்வளவாகத் தயங்கியிருக்க மாட்டீர்கள்; அவர் மற்ற இருவருக்காகவும் தடுப்பைச் சேமிக்க வேண்டுமே. இங்கே அந்தக் கவுண்டர்ஸ்பெல்லுக்கு உங்களைத் தவிர வேறு இலக்கு கிடையாது. பெரியதைப் போட்டால் உங்கள் நான்கு மானாவை அவர் இரண்டால் அழித்துவிடுவார். சிறியவை இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் அவரால் ஒன்றைத்தான் தடுக்க முடியும். மற்றது மேசையில் நின்று அடுத்த முறை முதல் அடிக்கும். பெரிய கிரீச்சரை அவர் தன் முறையில் மானா முழுவதையும் செலவழித்துவிடும் வரை கையிலேயே வைத்திருங்கள். கையில் இருப்பதில் வலிமையானதைப் போடுவது என்ற நிலையிலிருந்து, எதிராளியின் திறந்த மானாவைப் படித்துப் போடுவது என்ற நிலைக்கு வருவதுதான் இருவர் ஆட்டத்தில் நான் கண்ட மிகப் பெரிய தாவல்.

அதே சிவப்பு டெக்கை உங்களைவிட வேகமான கிரீச்சர் டெக்கிற்கு எதிராக ஆடும்போது நிலைமை தலைகீழாகும். அப்போது போல்ட் எதிராளியின் உயிர்ப்புள்ளிக்கானதல்ல, அவருடைய கிரீச்சர்களுக்கானது. இந்த ஆட்டத்தில் தாக்குபவர் யார், தாங்கிநிற்க வேண்டியவர் யார் என்ற கேள்வியை ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் இரண்டு முறைகளுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இரு டெக்குகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அந்தப் பாத்திரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவரே பெரும்பாலும் தோற்கிறார்.

விதிகளில் சில சிறு வேறுபாடுகள் உண்டு. இருவர் ஆட்டத்தில் முதலில் ஆடுபவர் தம் முதல் முறையில் சீட்டு எடுப்பதில்லை. பலர் ஆடும் ஆட்டத்தில் கிடைக்கும் முதல் இலவச மல்லிகனும் (பிடிக்காத தொடக்கக் கையைக் கலைத்துப் புதிதாக எடுப்பது) இங்கே இல்லை. ஒவ்வொரு மல்லிகனுக்கும் ஏழு சீட்டுகளை எடுத்துக்கொண்டு, எத்தனை முறை மல்லிகன் செய்தீர்களோ அத்தனையை டெக்கின் அடியில் வைக்க வேண்டும். ஒரே லேண்டு உள்ள கையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வது நால்வர் மேசையில் தப்பிப் பிழைக்கலாம். மற்றவர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே உங்களைத் தவிர வேறு யாரையும் தாக்க வேண்டியிராதவர் எதிரே இருக்கிறார்.

கமாண்டரிலிருந்து வருபவர்களுக்கு முற்றிலும் புதியது சைட்போர்டு. போட்டிகள் பெரும்பாலும் மூன்றில் இரண்டை வெல்பவருக்கு என்ற முறையில் நடக்கின்றன. முதல் ஆட்டம் முடிந்தபின், தனியே வைத்திருக்கும் 15 சீட்டுகள் வரையிலான சைட்போர்டிலிருந்து வேண்டியவற்றை டெக்கிற்குள் மாற்றிக்கொள்ளலாம். நான்கு பிரதி என்ற வரம்பு டெக், சைட்போர்டு இரண்டுக்கும் சேர்த்தே. எடுத்துக்காட்டாக, நீலச் சீட்டை ஒற்றைச் சிவப்பு மானாவுக்குத் தடுக்கவோ அழிக்கவோ செய்யும் பைரோபிளாஸ்ட் முதல் ஆட்டத்தில் பாதி எதிராளிகளிடம் வெறும் காகிதம். நீல டெக்கிற்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் உங்கள் கையின் மிகச் சிறந்த சீட்டாகவே அது இருக்கலாம். எதை உள்ளே கொண்டுவருவது என்பது எளிது, எதை வெளியே எடுப்பது என்பதுதான் கடினம். எட்டு, பத்துச் சீட்டுகளை மாற்றினால் எதிராளிக்கு எல்லாப் பதிலும் உங்களிடம் இருக்கும், ஆனால் உங்கள் திட்டம் இருக்காது. கிரீச்சரே இல்லாத டெக்கிற்கு எதிராகக் கிரீச்சர் மட்டும் அழிக்கும் சீட்டுகள் வெளியேறலாம். எதிராளியை முடிக்கும் சீட்டுகள் வெளியேறக் கூடாது. ஆட்டத்திற்கு முன்பே, அடிக்கடி எதிர்ப்படும் ஒவ்வொரு டெக்கிற்கும் எவை உள்ளே, எவை வெளியே என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டெக்கைப் பற்றிய உங்கள் புரிதலில் எங்கே ஓட்டை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

பயிற்சிக்குக் கணினி விளையாட்டான மேஜிக் அரீனா உதவும், ஆனால் ஓர் எச்சரிக்கை: அதில் ஒரே ஆட்டமாக ஆடும் முறையில் தொடக்கக் கையின் லேண்ட் விகிதத்தை ஓரளவு சமப்படுத்தும் ஏற்பாடு உண்டு, அங்கே குறைந்த லேண்டுடன் ஓடும் டெக்கை அப்படியே காகிதச் சீட்டுகளில் கட்டினால் கை காய்ந்துபோகும். பாப்பர், மாடர்ன், லெகசி ஆட விரும்பினால் மேஜிக் ஆன்லைன் இருக்கிறது. எனக்கு மிகவும் பயன்பட்டது இவை இரண்டும் அல்ல. ஒரு நண்பரோடு ஒரே இரண்டு டெக்குகளை மாலை முழுவதும் ஆடி, பாதியில் டெக்குகளை மாற்றிக்கொள்வது. எதிராளியின் டெக்கை உங்கள் கையால் ஆடிப் பார்த்தபின்தான் அவர் எந்தச் சீட்டைக் கண்டு அஞ்சுகிறார் என்பது விளங்கும். இரண்டாவது டெக் வாங்கும் நாள் வரும்போதும் இதையே கணக்கில் கொள்ளுங்கள்: முதல் டெக்கைத் தொடர்ந்து தோற்கடிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.