ஓட்டை சாக்ஸும் உல்லாசக் கப்பலும்

கேள்வி: ராத்திரி தூங்கும் முன் கோடீஸ்வரர்களின் சொகுசுக் கப்பல் வீடியோக்களைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நீச்சல் குளம், ஹெலிகாப்டர், உள்ளேயே சினிமா தியேட்டர்! பார்த்து முடித்தால் என் இரண்டு பெட்ரூம் வீடும் இருபது வருட லோனும் கண்ணை உறுத்துகின்றன. வெறும் வயிற்றெரிச்சல் என்கிறாள் மனைவி. அப்படித்தானா?
– பெயர் வேண்டாம், போரூர்

பதில்: வீட்டம்மா சொல்வது சரி. வயிற்றெரிச்சல்தான். எனக்கும் இருந்தது, முக்கால்வாசி போய்விட்டது. போன கதையைச் சொல்கிறேன்.

1994. சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை சப்ளை செய்யும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். வருவதெல்லாம் துருப்பிடித்த சரக்குக் கப்பல்கள். ஒரு நாள் டீசலுக்கும் தண்ணீருக்கும் வெள்ளை வெளேரென்று ஒரு தனியார் யாட், அதாவது உல்லாசக் கப்பல், வந்து நின்றது. கோயம்பேடு மார்க்கெட் வராத காலம். விடியற்காலையில் கொத்தவால்சாவடிக்கு ஓடி எலுமிச்சை, புதினா, கொத்தமல்லி எல்லாம் வாங்கியாயிற்று. லிஸ்டின் கடைசி வரி: ‘வெள்ளைப் பூ, நிறைய.’ பூக்கடையில் உதிரி சம்மங்கிதான் கிடைத்தது. எட்டு கிலோ அள்ளிக்கொண்டு போனேன்.

யாட்டில் ஏறும் இடத்தில் ஒரு பிரம்புக் கூடை. செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட வேண்டும். தேக்குப் பலகைத் தரையில் கீறல் விழக் கூடாதாம். கோயில் வாசல் போலத்தான், டோக்கன் மட்டும் இல்லை. என் இடது சாக்ஸின் ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. விரலை மடக்கிக்கொண்டே நொண்டி நொண்டி நடந்தேன். காலில் அடியா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் பரிவோடு கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மேல்தளத்தில் ஒரு பையன் துணியால் கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம் கழித்து பில்லோடு போனபோதும் அதே கம்பியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான். உப்புக் காற்றாயிற்றே, விட்டால் புள்ளி விழுந்துவிடும். சமையல்காரர் கோவாக்காரர். முதலாளி எங்கே என்றேன். “வருஷத்துக்கு மூணு வாரம் வருவார்” என்றார். அதற்குள் சம்மங்கி வாசனை ஹால் முழுக்கப் பரவி, கல்யாண வீடா எழவு வீடா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. அந்தப் பெண் கண்ணை மூடி முகர்ந்து, எங்கள் ஊரில் இதை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு என்று பாதி உண்மையைச் சொன்னேன்.

இறங்கி வரும்போது எனக்குப் பொறாமை அந்தச் சமையல்காரர் மேல்தான். டாலரில் சம்பளம், வருடம் முழுக்கக் கடல், வராத முதலாளி!

அந்தப் பொறாமையும் 2018ல் போயிற்று. விஜய் மல்லையாவின் ‘இந்தியன் எம்ப்ரஸ்’ 95 மீட்டர் நீளம். சம்பள பாக்கிக்காக அதை மால்டாவில் பிடித்து நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் சம்பளம் வராமல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் தவித்தார்கள். கடைசியில் கோர்ட் ஏலத்தில் 3.5 கோடி யூரோவுக்குப் போனது. கிங்ஃபிஷர் விமான ஊழியர்கள் பட்ட அதே பாடு, இது தண்ணீரில்.

வாங்குவதோடு செலவு முடிவதில்லை. விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கே போகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் போடும் தோராயக் கணக்கு. நம் ஊரில் ஒரு கோடிக்கு ஃப்ளாட் வாங்கியவரிடம் வருடத்துக்குப் பத்து லட்சம் மெயின்டனன்ஸ் கேட்டால் அசோசியேஷன் மீட்டிங்கில் நாற்காலி பறக்கும். 2013ல் ஜெர்மனியில் கட்டி முடித்த ‘அஸ்ஸாம்’ என்ற யாட் 180 மீட்டர். எக்ஸ்பிரஸ் ரயிலில் எட்டுப் பெட்டி நீளம். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் ‘கோரு’ 127 மீட்டர், மூன்று பாய்மரம். பாய்மரம் குறுக்கே நிற்பதால் ஹெலிகாப்டர் இறங்க ‘அபியோனா’ என்று தனியாக ஒரு கப்பல் பின்னாலேயே போகிறது. கட்டிய இடத்திலிருந்து வெளியே வரும்போது அந்த மரங்களுக்கு வழிவிட நெதர்லாந்தில் ராட்டர்டாமின் பழைய தூக்குப் பாலத்தைக் கொஞ்சம் பிரிக்கலாமா என்று 2022ல் ஒரு பேச்சு வந்தது. ஊர்க்காரர்கள் அழுகின முட்டையோடு வருகிறோம் என்றார்கள். பேச்சு அடங்கியது. பாய்மரம் பொருத்தாமலே வேறு வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த முட்டைக்காரர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீடியோவைத் தாராளமாகப் பாருங்கள். லோன் ஸ்டேட்மென்ட்டை மட்டும் பகலில் பாருங்கள்.

கேள்வி: பணக்காரர்கள் வாங்கும் ‘கேட்டமரன்’ நம் கட்டுமரம்தானாமே?
– தேவி, மயிலாப்பூர்

பதில்: பெயர் நம்முடையது, படகு நம்முடையது இல்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தைப் பற்றி 1697ல் வெளியான தன் பயணக் குறிப்பில் எழுதினார். நம்முடையது மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அவர்கள் வாங்குவதற்கு இரண்டு உடல், அது பசிபிக் தீவுக்காரர்களின் வழி. எப்படியோ நம் பெயர் அதில் போய் ஒட்டிக்கொண்டது. நொச்சிக்குப்பத்தில் இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுதான்.

கேள்வி: உங்களுக்கு இப்போது பொறாமையே வராதா?
– கணேஷ், அம்பத்தூர்

பதில்: பெசோஸ் மேல் வராது. பெசன்ட் நகரில் என் சகலை வீட்டு பால்கனியில் நின்றால், எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்குக்கும் தென்னைமரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கடல் தெரிகிறது. போன வாரம் போயிருந்தேன். ஃபில்டர் காபியைக் கையில் கொடுத்து, “இங்க நின்னு பாருங்க அண்ணே” என்றார்.