முதல் ட்ரெக்கிங்கே வட்டக்கானல் – வெள்ளகவி – கும்பக்கரை போகலாமா?

ஜிம்முக்குப் போகும் பழக்கம் உண்டு, மலை நடந்து பழக்கமில்லை, ஆளுக்கு எட்டு கிலோ பையோடு நாலு பேர் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானல்காரனாகச் சொல்கிறேன், கொடைக்கானலுக்குப் பக்கத்து வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமம் வழியாகக் கும்பக்கரை அருவிக்கு இறங்கும் அந்தப் பாதை முதல் பயணத்துக்கு வேண்டாம்.

"இறக்கம்தானே" என்பார்கள். அந்த இறக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வட்டக்கானலிலிருந்து பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அடிவாரம் வரை 1,500 மீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் கொஞ்சம் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். இறக்கத்தில் முட்டியும் முன்தொடையும் விட்டுப்போனால் உட்கார்ந்து எழுந்தாலும் கால் நடுங்கும். பைச்சுமை ஒவ்வொரு கல்லிலும் முன்னே தள்ளும், பெருவிரல் நகம் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும். முடியவில்லை என்று நடுவழியில் நின்றால் திரும்பி ஏறவும் தெம்பிருக்காது.

அதனால் எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு ஏறி இறங்க வேண்டும், பாதியில் ஒருவருக்கு முடியாமல் போனால் எப்படி வெளியே கொண்டுவருவது என்று கேளுங்கள்.

முதலில் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற பாறை முனை வரை முழுப் பையையும் மாட்டிக்கொண்டு போய்வாருங்கள். குட்டைத் தூரம்தான். ஆனால் வேர்களும் ஈரக் கல்லுமாகச் செங்குத்தாக இறங்கும், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். பேச்சுக்கொடுத்தபடி ஏற முடிந்தால் அடுத்ததை யோசிக்கலாம். நீலகிரி பக்கம் என்றால் கோத்தகிரி லாங்வுட் சோலை, ஊட்டி கேர்ன்ஹில் இரண்டும் புதியவர்களுக்கு நல்லவை. இரவு ஊருக்குள் அறை எடுத்துத் தங்கிவிடலாம். சோலைக்குள் காட்டுமாடு எதிரே நின்றால் போட்டோவுக்குக் கிட்டே போகாமல், அது நகரும்வரை பொறுத்திருங்கள். அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா சிகரம் ஏறுவதெல்லாம் கால் பழகிய பிறகு.

அனுமதி விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று வனத்துறையே பிரித்துக் கொடுத்திருக்கிறது. அங்கேயே முன்பதிவு செய்யலாம், அந்தந்த மலையை அறிந்த உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் கைடாக வருவார்கள். இன்ஸ்டாகிராமில் மலிவாகக் கூப்பிடுகிறவர்களிடம் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை நல்ல மழை. பாதை வழுக்கும், அட்டையும் ஏறும். மார்ச், ஏப்ரல் காட்டுத்தீ காலம். ஜனவரிதான் தோது, ஸ்வெட்டர் கட்டாயம். சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, ஆளுக்கு இரண்டு லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் கொண்டுவாருங்கள். அந்த எடையையும் சேர்த்துத்தான் எட்டு கிலோ.