இரட்சிக்கப்பட்ட பிறகும் என் கஷ்டம் தீரவில்லை. அப்படியானால் ஆவிக்குரிய ஆசீர்வாதம் என்பது என்ன?

நீங்கள் ஞானஸ்நானம் எடுத்து அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். வீட்டில் யாரோ "அங்கே போய் உனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டிருப்பார்கள். சொல்லப் பதில் இல்லாமல் இங்கே கேட்டிருக்கிறீர்கள். ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். என்னிடமும் அதையே கேட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. ஆறு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எடுப்பவன். இடது கையில் இரண்டு ஊசி இருக்கும், அதை அசைக்க முடியாது. வலது கையால் பக்கம் புரட்டித்தான், பைபிளில் பவுல் எழுதிய கடிதமான எபேசியர் நிருபத்தைப் படித்தேன்.

நான் இரட்சிக்கப்பட்ட இரண்டாம் வருடம் சிறுநீரகம் செயலிழந்தது. சபையில் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். யாக்கோபு 5:14-ல் உள்ளபடி மூப்பர்கள் எண்ணெய் பூசினார்கள். குணமாகவில்லை. சில மாதம் கழித்து ஒரு மூத்த சகோதரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரதர், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்" என்றார். திட்டியிருந்தால் உதறியிருப்பேன். அன்பாகச் சொன்னார், அதனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தேன். அம்மாவின் பையிலிருந்து எடுத்த காசு. பரீட்சையில் பார்த்து எழுதியது. அண்ணனுக்கு வேலை கிடைத்தபோது வந்த பொறாமை. அப்பா கடைசியாகக் கூப்பிட்டபோது "நாளைக்கு வருகிறேன்" என்று சொன்னது. எண் போட்டு எழுதினேன், 41 வரை போனது. ஒவ்வொன்றாக அறிக்கையிடுவேன், அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறையவில்லையென்றால் இன்னும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று மறுபடி நோட்டை எடுப்பேன். தூக்கமே போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் எபேசியர் 1:3. தேவன் நம்மை ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும் "ஆசீர்வதித்திருக்கிறார்" என்று இருக்கிறது. "ஆசீர்வதிப்பார்" என்று இல்லை. பல தடவை கேட்ட வசனம்தான், ஆனால் அந்த வினைச்சொல்லை அன்றுதான் பார்த்தேன். அவை என்னென்ன என்பது 14-ம் வசனம் வரை வருகிறது. கிரேக்க மூலத்தில் இந்தப் பன்னிரண்டு வசனமும் ஒரே வாக்கியம், மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகிறார் பவுல். உலகம் உண்டாவதற்கு முன்பே தெரிந்துகொள்ளப்பட்டது (அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டது), புத்திரசுவிகாரம், மீட்பு, பாவமன்னிப்பு, சுதந்தரம் (அதாவது வாரிசுச் சொத்து), பரிசுத்த ஆவியின் முத்திரை. உடல் சுகமும் பணமும் அந்த வரிசையில் இல்லை. எழுதியவர் சங்கிலியில் இருந்தவர், 6:20-ல் அவரே சொல்கிறார். கையில் டியூபோடு படித்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

7-ம் வசனத்தில் பாவமன்னிப்பு வருகிறது. கணக்கை அவர் தீர்த்துவிட்டார் என்றால், நோட்டில் நான் போட்டுக்கொண்டிருந்தது யாருடைய கணக்கு? பிறவிக்குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார் (யோவான் 9:3). பாவ அறிக்கையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 எனக்கும் தெரியும். சுகத்துக்கு விலையாக அறிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதைத்தான் தவறு என்கிறேன்.

புத்திரசுவிகாரம் என்றால் தத்தெடுப்பு. ரோமர்களிடையே தத்துப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்கு உள்ள வாரிசுரிமை உண்டு. லூக்கா 2-ல் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்ட அகுஸ்துராயனே யூலியஸ் சீசரின் தத்துப்பிள்ளைதான். அதனால் அந்தக் காலத்து வாசகர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் புரிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 14-ம் வசனத்தில் வரும் "அச்சாரம்". பேரம் முடிந்ததும் மீதியைக் கட்டாயம் தருவேன் என்று முன்னால் கொடுப்பது. பரிசுத்த ஆவியானவர் அச்சாரம் என்றால், முழுவதும் இன்னும் கைக்கு வரவில்லை என்று அந்த வசனமே ஒப்புக்கொள்கிறது. இந்த உடம்பு சரியாவது அந்த மீதியில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

"அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று ஏசாயா 53:5-ஐ யாராவது கீழே எழுதுவார்கள். சரி. தேவன் இன்றும் சுகமாக்குகிறார், நானும் தினமும் கேட்கிறேன். ஆனால் தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து என்ற ஊரில் விட்டுவந்ததாகப் பவுல் 2 தீமோத்தேயு 4:20-ல் சொல்கிறார். பவுலுக்கு விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்களா? இரட்சிப்பு தேவனுடைய கிருபையாலா நம்முடைய கிரியையாலா (செயல்களாலா) என்ற பழைய சண்டைக்கும் நான் வரவில்லை. அதைப் பற்றி 1999-ல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்தே ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் அடுத்தவர் நோயை அவரைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். என் பரிசோதனை அறிக்கையையே யாரோ போட்டோ எடுத்துப் போட்டார்கள். வேலையிடத்தில் நான் சொல்வதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்காக ஜெபிக்கிறேன் என்கிறவர் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே? இன்றும் அது வலிக்கிறது.

அப்புறம், வீட்டில் கேட்டவர்களுக்கு நான் என்ன சொன்னேன் என்றால், "ராத்திரி தூங்குகிறேன்" என்று மட்டும். என் மனைவி மட்டும் தலையாட்டினாள், அவளுக்குத்தான் அது தெரியும். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 41-க்குப் பிறகு உள்ள பக்கங்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று எழுதிவைக்கிறேன்.