வாசகர் கேள்வி: சிதறால் மலையில் எதைப் பார்ப்பது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குப் போய் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். பாறையில் சில புத்தர் உருவங்கள். செல்போன் படத்தில் அவையும் சரியாக விழவில்லை. இதற்கா இவ்வளவு பேச்சு?
– தக்கலை வாசகி

பதில்: உச்சிவெயிலில் போயிருப்பீர்கள். அவை தனியே நிற்கும் சிலைகள் அல்ல. பாறை முகத்திலேயே செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் நிழல் கட்டி உருவம் எழும்பும். காலையிலேயே போங்கள், அல்லது நாலு மணிக்கு மேல். படத்தையும் நேரே நின்று எடுக்காமல் ஓரமாக நின்று எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் இருக்கிற நிழலும் போய்விடும்.

அவர்கள் புத்தரும் அல்ல, சமணர் வணங்கும் குருமார்களான தீர்த்தங்கரர்கள். உடலில் புத்தருக்குரிய துவராடை மடிப்பு இருக்காது, தலைக்கு மேல் முக்குடை (மூன்றடுக்குக் குடை) இருக்கும். பாம்பு படமெடுத்துக் குடைபிடித்தால் அவர் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். சிங்கமும் இரண்டு பிள்ளைகளும் அருகிருக்க நிற்கும் பெண் அம்பிகா இயக்கி, சமணரின் காவல் தெய்வம். (நம்மூர் இசக்கி அம்மனின் பெயரே இந்த ‘இயக்கி’யிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.) உருவங்களுக்குக் கீழே குனிந்து பாருங்கள், பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் வரிகள் தெரியும், செய்வித்தவர் பெயர்கள் அவை. அவற்றில் ஒன்று அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர். மதுரைப் பக்கத்துச் சமணக் குன்றுகளிலும் அதே பெயர் உண்டு. எழுத்து தெரியவில்லையே என்று சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். கல் கெடும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் குற்றமும்கூட.

கேள்வி: சமணப் பள்ளி (துறவிகள் தங்கிய இடம்) என்கிறீர்கள், உள்ளே பகவதி இருக்கிறாளே?
– குலசேகரம் வாசகர்

பதில்: இரண்டும் சரி. இதன் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. 9-ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் ஆசிரியர் இம்மலைப் பட்டாரியாருக்கு, அதாவது இங்கிருந்த அம்மனுக்கு, பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது. அப்போதே இங்கு ஒரு பெண் தெய்வம் இருந்திருக்கிறாள். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இது பகவதி கோயிலானது. பாறைக் குகையும் அதன் முன் பிற்காலத்தில் கட்டிச் சேர்த்த கல் மண்டபமும் வெவ்வேறு காலம். தூணையும் பாறையையும் ஒப்பிட்டாலே தெரியும்.

கேள்வி: முட்டுவலி உள்ள அம்மாவைக் கூட்டிப்போகலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான், அடிவாரம் வரை வண்டி போகும். அதன்பிறகு கல் பாவிய ஏற்றம், முக்கால் கிலோமீட்டருக்குக் குறையாது. நின்று நின்று ஏறினால் அரை மணி நேரம். கடைசியில் இரு பாறைகளுக்கு நடுவே குறுகிய வழி ஒன்று உண்டு. அங்கே கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள். மழைக்காலமானால் வேண்டாம், பாசி பிடித்த பாறை வழுக்கும். தண்ணீர் கையோடு இருக்கட்டும். போஞ்சி (எலுமிச்சைச் சாறு) குடிக்க மார்த்தாண்டம் திரும்பிவிடலாம்.